அம்மா எந்தப் பட்டியலில் இருந்தார்? – சிவகாசிப் பக்கத்திலிருந்து பொது சுகாதாரம் படிக்கப் போன கதை



எம்.பி.எச். படிக்கலாமா, டாக்டர் இல்லாதவர்களும் சேரலாமா, படித்தால் வேலை கிடைக்குமா. இந்த மூன்று கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் பேசுகிறார்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் கடைசியில்தான். அதற்கு முன்னால் அந்தப் படிப்பு என்னை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் வேலை, சம்பளம் என்று மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாக இருக்கும்.

எனக்கு விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். கரிசல் மண், மழை குறைவு. வெயில் காய்கிற ஊர் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர் பிடித்தன. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'பயராபீஸ்' என்பார்கள். தீப்பெட்டி என்றால் தீப்பெட்டி ஆபீஸ். நர்சிங் சேர்ந்த முதல் நாள் "அம்மா என்ன பண்றாங்க?" என்று ஒரு தோழி கேட்டாள். "ஆபீஸ்ல வேலை" என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் நாற்காலி, மேசை, ஃபேன் என்று நினைத்திருப்பாள். என் அம்மா ஒரு சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து, குழாயில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கும்போது முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னும். சின்ன வயதில் அது எனக்கு அழகாகத்தான் இருந்தது.

2012 செப்டம்பர் 5. நான் பிளஸ் டூ. ஆசிரியர் தினம் என்பதால் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. மதியம் முதலிப்பட்டியில் வெடி விபத்து என்று செய்தி வந்தது. எந்த ஆபீஸ், எந்த ஷெட் என்று யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி வண்டி வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றேன். என்னை மாதிரி இன்னும் நிறைய பிள்ளைகள் நின்றார்கள். அம்மா வேலை பார்த்தது வேறு ஆபீஸ். சாயங்காலம் வந்து இறங்கினார். என்னைப் பார்த்து, "ஏத்தா, சாப்புடலையா?" என்றுதான் கேட்டார்.

அந்த விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதலில் தீப்பிடித்ததும் காப்பாற்ற ஓடியவர்கள், என்ன ஆச்சோ என்று பார்க்கப் போனவர்கள். அடுத்தடுத்து வெடித்தபோது மாட்டிக்கொண்டார்கள். ஆலையின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அவர்கள் பெயர் இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு அது ஒரு சோகச் செய்தி மட்டும்தான். அதில் ஒரு பாடம் இருந்தது என்று தெரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

மேலே ஒரு எண், கீழே ஒரு எண்

2013 முதல் 2017 வரை நர்சிங். பிறகு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. கொரோனா வந்தது. ஒவ்வொரு நாளும் படுக்கைகள் நிரம்பும், காலியாகும், மறுபடி நிரம்பும். வாசலில் வந்து நிற்கிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, இவர்கள் எங்கேயிருந்து வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. 2021இல் எம்.பி.எச். சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு.

முதல் பருவத்தில் தொற்றுநோயியல், உயிர்ப் புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, சுகாதாரப் பொருளாதாரம். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் முதல் மாதம் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். எந்த எண்ணையும் தனியாக நம்பாதே. மேலே ஒரு எண் இருந்தால் கீழே ஒரு எண் வேண்டும். எத்தனை பேருக்கு நோய் என்று சொன்னால், எத்தனை பேரில் என்று கேள்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? எங்கள் ஊரை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

மேலே உள்ள எண் செய்தித்தாளில் வந்துவிடும். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், 20 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணைகளில் அதே காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு அறையில் அனுமதித்ததை விட அதிகம் பேர், உள்குத்தகை, மணி மருந்து கலக்கும்போது உராய்வு.

கீழே உள்ள எண்? ஆயிரத்துக்கு மேல் உரிமம் பெற்ற ஆலைகள் உண்டு. நாக்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், மாவட்ட வருவாய் அலுவலரிடம் வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் சிலர். சீசனுக்கு மட்டும் வருகிறவர்கள் சிலர். வீட்டிலேயே காகிதக் குழாய் உருட்டுகிறவர்கள் சிலர். அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் கருந்திரி செய்கிறவர்கள் இன்னும் சிலர். இவர்களை யார் எண்ணினார்கள்?

சரி, வெடி விபத்தாவது செய்தியாகிறது. விபத்தே நடக்காத நாளிலும் கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பவுடர் எல்லாம் மூச்சோடு உள்ளே போகிறதே, அந்தக் கணக்கு? எனக்கு அதுதான் ஆய்வுத் தலைப்பு என்று தோன்றியது. பட்டாசுத் தொழிலாளர்களின் மூச்சுக் கோளாறு.

வழிகாட்டி கேட்ட ஒரு கேள்வி

திட்டம் ஒன்று எழுதிக்கொண்டு போனேன். ஒரு ஆலையில் அனுமதி வாங்குவது, தொழிலாளர் பட்டியலை வாங்குவது, அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்பது. அட்டவணையெல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது. என் வழிகாட்டி பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்:

"உங்க அம்மாவும் இந்த வேலைதானே பார்த்தாங்க? இந்தப் பட்டியல்ல அவங்க வருவாங்களா?"

வர மாட்டார். 2017இலேயே வேலையை விட்டுவிட்டார். மூச்சு வாங்குகிறது, முடியவில்லை என்று நின்றுவிட்டார்.

"அப்ப யாருக்கு மூச்சு வாங்குதோ அவங்கல்லாம் வீட்ல இருக்காங்க. தெம்பா இருக்கறவங்க மட்டும் ஆலையில இருக்காங்க. நீங்க ஆலைக்குள்ள போய் எண்ணிட்டு வந்து, 'எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க'ன்னு எழுதப் போறீங்க."

இதற்குத் தொற்றுநோயியலில் ஒரு பெயர் உண்டு. 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்று தமிழில் சொல்லலாம். உடம்பு தாங்குகிறவர்தான் வேலைக்கு வருகிறார், தாங்குகிறவரைதான் வேலையில் நிற்கிறார். அதனால் வேலை நடக்கிற இடத்தில் மட்டும் எண்ணினால், எவ்வளவு மோசமான தொழிலும் ஓரளவு நல்ல தொழிலாகத் தெரியும். பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். என் அம்மாவுக்கு அது நடந்திருக்கிறது என்று மட்டும் தோன்றவே இல்லை.

திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். ஆலைப் பட்டியல் வேண்டாம், வீட்டுப் பட்டியல் எடுப்போம் என்று முடிவானது. ஒரு கிராமம். வீடு வீடாகப் போவது. இப்போது வேலை பார்க்கிறவர், விட்டவர், குழாய் உருட்டுகிறவர், எல்லோரையும் கேட்பது. விட்டவர் என்றால் எப்போது விட்டார், ஏன் விட்டார்.

'சுவாசக் கோளாறு' யாருக்கும் இல்லை

நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, ஒப்புதல் படிவம் அச்சடித்து, சோதனைக்காகப் பத்து வீட்டுக்குப் போனோம். என்னோடு படித்த தோழி ஒருத்தியும் வந்தாள். "கடந்த 2 வாரங்களில் உங்களுக்குச் சுவாசக் கோளாறு ஏதேனும் இருந்ததா?" இது கேள்வி.

பத்து வீட்டிலும் 'இல்லை'.

பதினோராவது வீட்டில் ஒரு அயித்தை, எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், 'இல்லை' என்று சொல்லிவிட்டு இருமினார். இருமி முடித்து, "கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி, சும்மா தொண்டை கமறும். ராத்திரி கொஞ்சம் எளப்பு இருக்கும். அது எல்லாத்துக்கும் உள்ளதுதான?" என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கேள்வித்தாளை மாற்றினோம். தொண்டை கமறுதா? எளப்பு இருக்கா? தண்ணிக் குடம் தூக்கிட்டு வரும்போது எத்தனை தடவை நின்னு நின்னு வர்றீங்க? நேரத்தையும் மாற்றினோம். பகலில் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். வேலை முடிந்து வந்து, அடுப்பை மூட்டி, உலை வைத்த பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்களிடம் அதற்கு மேல் நேரம் கேட்பது நியாயமும் இல்லை.

இன்னொரு கேள்வியும் எங்களை நோக்கி வந்தது. அதுதான் கஷ்டமான கேள்வி. அதே அயித்தை கேட்டார்:

"நீ இதையெல்லாம் எழுதிக் குடுத்தா ஆபீஸ மூடிருவாகளா?"

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், வெடிக்க இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டெல்லியில் இருக்கிற குழந்தையின் நுரையீரலுக்காக நடந்த வழக்கு அது. அந்தக் குழந்தையின் மூச்சு முக்கியம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் தெருவில் அடகுக்குப் போன தோடுகளையும் நான் பார்த்தேன். மருந்தைக் கையில் தொட்டவர்களுடைய மூச்சைப் பற்றிய பேச்சு அந்த விவாதத்தில் எவ்வளவு வந்தது என்பதையும் பார்த்தேன்.

அயித்தையிடம் என்ன சொல்வது? "மூட மாட்டாங்க" என்று சத்தியம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. "எனக்குத் தெரியாது அயித்தை. உங்க பேரோ ஆபீஸ் பேரோ எதுலயும் வராது. வேண்டாம்னா இப்பவே நிறுத்திக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, கேளு" என்றார். ஒப்புதல் படிவம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வகுப்பில் அது நான்கு பக்கத் தாள் மட்டும்தான்.

என் அம்மாவின் படிவம்

அந்தக் கிராமம் என் கிராமம். அந்த வீடுகளில் ஒன்று என் வீடு. சொந்த அம்மாவை நானே பேட்டி எடுப்பது முறையில்லை. தோழிதான் எடுத்தாள். என்னைத் தெருமுனைக் கடை வரைக்கும் அனுப்பிவிட்டாள்.

படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் பதிவேற்றும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. வேலையை விட்ட ஆண்டு: 2017. தொல்லை தொடங்கிய ஆண்டு: 2014.

திரும்பப் பார்த்தேன். 2014 என்றுதான் இருந்தது. விடுவதற்கு ஒரு ஆறு மாதம் முன்னால் ஆரம்பித்தது என்றுதான் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். மூன்று வருடம்! அந்த மூன்று வருடமும் நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன், ஸ்டெதாஸ்கோப்பைக் காட்டினேன், பக்கத்து வீட்டு ஆட்களுக்கெல்லாம் பிரஷர் பார்த்தேன். அம்மா நெஞ்சில் ஒரு தடவை அதை வைத்துப் பார்க்கவில்லை.

இதில் அழுகையைத் தவிர ஒரு பாடமும் இருக்கிறது. 2016இல் யாராவது ஒரு ஆய்வாளர் அந்த ஆலைக்குப் போய், போர்மேன் பக்கத்தில் நிற்க, "உடம்புக்கு ஏதாவது செய்யுதாம்மா?" என்று கேட்டிருந்தால் என் அம்மா "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆரோக்கியமானவர் கணக்கில் போயிருப்பார். 2018இல் வந்திருந்தால் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார். எப்போது எண்ணினாலும் என் அம்மா கணக்கில் வந்திருக்க மாட்டார்.

கோபத்தில் எல்லாவற்றுக்கும் பயராபீஸ்தான் காரணம் என்று எழுதத்தான் நினைத்தேன். படிப்பு விடவில்லை. கேஸ் அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கு எங்கள் வீட்டில் விறகுதான். இருபது வருடத்துக்கு மேல் அடுப்பூதியவர் அவர். அந்தப் புகையின் பங்கு எவ்வளவு, மருந்துத் தூசியின் பங்கு எவ்வளவு? ஒருவரை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் நூறு பேர் வேண்டும், ஆயிரம் பேர் வேண்டும், விறகடுப்பு மட்டும் உள்ள வீடும் வேண்டும். அதனால்தான் என் ஆய்வின் எண்களை இங்கே சொல்லவில்லை. ஒரு கிராமம், சின்ன ஆய்வு. அதை வைத்துச் சிவகாசி முழுவதற்கும் பேசக் கூடாது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிச்சா போன மூச்சு திரும்பி வந்துருமா?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்ப அடுத்து போறவளுக்காச்சும் சொல்லு" என்றார். பொது சுகாதாரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி கூடுதலாக

அடுத்து போகிறவளுக்கு என்ன செய்யலாம்? பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். 1700இல் இத்தாலியில் ராமசினி என்ற மருத்துவர் தொழில் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள் என்றார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? 300 வருடம் ஆயிற்று. நான் பார்த்த ஓ.பி. சீட்டுகளில் பெயர், வயது, ஊர் இருந்தது. தொழில் இல்லை.

நம்மிடம் ஆள் பலம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் 1922இல் வந்தது. ஏறக்குறைய எங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிலின் வயதுதான் அதற்கும். 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. வீட்டுக்கு வருகிற அந்தப் பணியாளர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். "இதுவரைக்கும் என்னென்ன வேலை பார்த்தீங்க? எப்ப விட்டீங்க?" ஐந்து வருடத்தில் நம் மாவட்டத்தில் வேலையை விட்டவர்களின் பட்டியல் தானாக உருவாகிவிடும்.

இனி அந்த மூன்று கேள்விகள்

டாக்டர் இல்லாதவர்கள் சேரலாமா? பல இடங்களில் சேரலாம். நர்சிங், பல் மருத்துவம், சமூகப் பணி, புள்ளியியல் படித்தவர்களெல்லாம் படிக்கிறார்கள். சென்னையில் ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் எம்.பி.எச். உண்டு. தகுதி விதி இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்கிறேன். நகர்நல அலுவலர் மாதிரி அரசுப் பதவிக்கு மருத்துவப் பட்டம் கேட்பார்கள், எம்.பி.எச். மட்டும் இருந்தால் போதாது. மற்றவர்களுக்கு ஆய்வுத் திட்டங்கள், தேசிய சுகாதார இயக்கம், தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. முதல் வருடச் சம்பளம் என் நர்ஸ் சம்பளத்தைவிடப் பெரிதாகக் கூடவில்லை. வீட்டில் கடன் இருந்தால் இதை யோசித்துவிட்டுச் சேருங்கள்.

படிக்கலாமா? சேருவதற்கு முன்னால் அந்தக் கல்லூரியில் மூன்று விஷயம் விசாரியுங்கள். களப்பணி எத்தனை மாதம்? வழிகாட்டி மாணவரோடு களத்துக்கு வருவாரா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் சரியாக வந்தால் சேருங்கள். புள்ளியியலுக்குப் பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்கில் தடுமாறின நானே தேறிவிட்டேன்.

சேர்ந்த பிறகு, உங்கள் ஊரில் எந்தப் பட்டியலிலும் வராதவர் யார் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். முதலிப்பட்டியில் காப்பாற்ற ஓடினவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. என் அம்மாவின் பெயரும் இல்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் அது கணக்கு.

அம்மா இப்போது பரவாயில்லை. மருந்தை உறிஞ்சுகிற இன்ஹேலர் தினமும் இரண்டு வேளை. குடம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் தூக்குகிறார் என்று அயித்தை போன் பண்ணிச் சொல்லிவிடுவார்.